லெட் செப்பலின், 21 ஜூன் 1977: கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்த ஒலிப்பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1977 ஜூன் 21 இரவு, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கில்வுட்டில் உள்ள ஃபோரம் அரங்கில் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாசித்தது. ரசிகராக உள்ளே வந்த மைக் மில்லார்ட் என்பவர், ஒளித்துக் கொண்டுவந்த கருவியில் அந்தக் கச்சேரியைக் கேசட்டில் பிடித்தார். பிற்பாடு யாரோ அதை ‘லிசன் டு திஸ், எடி’ என்ற பெயரில் இசைத்தட்டாக்கி விற்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஹார்ட் ராக் கச்சேரிகளின் பார்வையாளர் பதிவுகளில் எதை முதலில் கேட்பது என்று யாராவது கேட்டால், அனுபவசாலிகள் பெரும்பாலும் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் எழுப்பும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பார்வையாளர் பதிவு என்பது சரியாக எது?

கச்சேரிக்கு வந்த ரசிகர் தன் இருக்கையிலிருந்தே, தன் மைக்கில், தன் கருவியில் செய்யும் பதிவு. குழுவின் அனுமதி பெரும்பாலும் இருக்காது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம், அரங்கின் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலி, முன்வரிசைக்காரரின் விசில் எல்லாம் ஒரே நாடாவில் சேர்ந்து பதியும். ஒருமுறை பதிந்தபின் எதையும் தனியாகப் பிரித்துக் கூட்டவோ குறைக்கவோ வழி இருந்ததில்லை. இப்படிப் பதிவு செய்கிறவர்களை டேப்பர் என்பார்கள்.

இதற்கு மாற்று, சவுண்ட்போர்டு பதிவு. ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராகக் கம்பி இழுத்து எடுப்பது. மூன்றாவது, அதிகாரப்பூர்வ நேரடி ஆல்பங்களுக்காகப் பல தடங்களில் தனித்தனியாகப் பிடித்து, பிறகு ஸ்டூடியோவில் கலப்பது.

சவுண்ட்போர்டு பதிவுதானே சுத்தமாக இருக்கும்? இதை ஏன் கேட்க வேண்டும்?

சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கலவை மேசையில் இருப்பவர் தன் கையிலுள்ள நாடாவுக்காகக் கலக்கவில்லை, அரங்குக்காகக் கலக்கிறார். மேடையிலிருந்தே போதுமான சத்தத்தோடு வரும் கருவியை அவர் ஒலிபெருக்கியில் குறைத்துவைப்பார். ஆக, மேசையிலிருந்து எடுத்த நாடாவில் பாடகரின் குரல் மூக்குக்கு நேரே ஒலிக்கும், கிட்டார் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும். கூட்டம் என்பதே இருக்காது. பாட்டு முடிந்ததும் ஒரு வெற்றிடம். பதினெட்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் வாசித்தார்கள் என்று நம்பவே முடியாது.

லெட் செப்பலின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அந்தக் குழுவின் ஒலிக்கு அடித்தளம் ஜான் பான்ஹமின் டிரம்ஸ். டிரம்ஸின் கனம் அது இருக்கும் அறையிலிருந்து வருகிறது என்பதை அவர்களே நன்றாக அறிந்திருந்தார்கள். 1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வென் த லெவி பிரேக்ஸ்’. அதற்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். டிரம்முக்கு ஒட்டி மைக் வைத்திருந்தால் அந்த இடி இறங்கியிருக்காது. குழுவின் கிட்டார் கலைஞரும் தயாரிப்பாளருமான ஜிம்மி பேஜ் தன் தயாரிப்புகள் முழுவதிலும் இந்தத் தூரத்தைப் பயன்படுத்தினார். அதே காரணத்தால்தான் ஃபோரத்தில் சில பத்து அடி தள்ளி வைத்த மைக்கில் பான்ஹம் பான்ஹமாகவே கேட்கிறார். 1977ஆம் ஆண்டுக் கச்சேரிகளின் சவுண்ட்போர்டு நாடாக்கள் பல வெளிவந்திருக்கின்றன. அவற்றில் அதே டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது. விவரம் தெரிய வேண்டுமென்றால் சவுண்ட்போர்டு. கச்சேரி வேண்டுமென்றால் இது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் தயங்காமல் இதை எடுப்பேன்.

மைக் மில்லார்ட் யார்?

தெற்குக் கலிஃபோர்னியாக்காரர். 1970களின் நடுவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்கு வந்த பெரிய குழுக்களை விடாமல் பதிவு செய்தார். லெட் செப்பலின், பிங்க் ஃப்ளாய்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பட்டியல் நீளும். விரும்பிகள் வட்டத்தில் ‘மைக் த மைக்ரோஃபோன்’ என்று அழைத்தார்கள். தன் நாடாக்களை அவர் விற்கவில்லை. நண்பர்களுக்கு நகல் கொடுத்தார். அந்த நகல்கள் கைமாறிக் கைமாறி வணிகர்களிடம் போய்த் தட்டுகளாயின. இது அவருக்குக் கடும் எரிச்சலைத் தந்தது. யார் மூலம் கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு நகலிலும் ஒரு சிறு அடையாளத்தை வைத்துக் கொடுப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1994இல் இறந்தார்.

சக்கர நாற்காலிக் கதை உண்மையா?

உண்மைதான். அவருக்கு நடப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் கருவி பெரிது. நாகாமிச்சி 550 என்ற, பேட்டரியில் ஓடும் கேசட் கருவி. தூக்கிச் செல்லக்கூடியது என்றுதான் விற்றார்கள்; சட்டைக்குள் மறைக்கக்கூடியது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சக்கர நாற்காலியின் இருக்கைக்கு அடியில் வைத்து, மேலே தான் உட்கார்ந்துகொண்டு, நண்பர் தள்ளிக்கொண்டு வர, வாயிலைக் கடப்பார். சக்கர நாற்காலியில் வருகிறவரை எழுந்து நிற்கச் சொல்லிச் சோதிக்க எந்தக் காவலருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார். இதை அழகான செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது இல்லாமல் இந்த நாடா இல்லை.

மைக்குகள் ஏகேஜி 451. ஸ்டூடியோவில் பயன்படும் தரமான கண்டென்சர் மைக்குகள், ஸ்டீரியோவுக்காக இரண்டு. அந்தக் காலத்தில் பெரும்பாலான ரசிகர்கள் கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்ட சின்ன மைக்கை நம்பி, மடியில் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இடைவெளி புரியும்.

கருவி நன்றாக இருந்ததால்தான் பதிவு நன்றாக வந்ததா?

பாதி பதில் அதுதான். மீதிப் பாதி, இடமும் கையும்.

மூடிய அரங்கில் நம் காதுக்கு இரண்டு விதமான ஒலி வருகிறது: ஒலிபெருக்கியிலிருந்து நேராக வருவது, சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் மோதிவிட்டுத் தாமதமாக வருவது. ஒலிபெருக்கியை விட்டு விலக விலக நேர் ஒலி குறையும். எதிரொலியோ அரங்கம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஏதோ ஒரு தூரத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதைத் தாண்டி உட்கார்ந்தவரின் நாடாவில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். உலகத்தில் எந்த மைக்கும் அதைச் சரிசெய்யாது. ஆகவே நல்ல டேப்பர் முதலில் செலவழிப்பது டிக்கெட்டுக்கு. மேடைக்கு அருகே, இரண்டு ஒலிபெருக்கி அடுக்குகளுக்கும் இடையில் இடம் பிடிக்க வேண்டும். மில்லார்ட் இருக்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்.

அடுத்தது அளவு வைப்பது. பதிவு அளவைக் கூட்டி வைத்தால் உரத்த இடங்களில் நாடா தாங்காமல் ஒலி கரகரத்துச் சிதறும். குறைத்து வைத்தால் மெல்லிய இடங்களில் நாடாவின் சீறல் மேலே வந்துவிடும். ஒரு நேரம் அக்கூஸ்டிக் கிட்டாரும் மாண்டலினும், ஒரு நேரம் பான்ஹம் என்று போகும் கச்சேரியில் இந்த இரண்டுக்கும் நடுவே இருட்டில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. பத்து நிமிடம் ஆனபின் திருத்தினால் முதல் பாட்டு போய்விட்டது.

மூன்றாவது, நாடா மாற்றுவது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்தான். மூன்று மணி நேரக் கச்சேரியில் பலமுறை திருப்பவோ மாற்றவோ வேண்டும். பாடகர் பேசும் இடைவெளியில் அதை முடிக்கத் தெரிந்தவருக்கும், கிட்டார் தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் நாடா தீர்ந்துபோகிறவருக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அன்றைய கச்சேரியே நல்ல கச்சேரியா, அல்லது பதிவு மட்டும்தான் நல்லதா?

இரண்டுமே. அதுதான் அபூர்வம்.

1977 சுற்றுப்பயணம் அவர்களுக்குச் சுலபமானதாக இல்லை. 1975 ஆகஸ்டில் கிரேக்கத் தீவான ரோட்ஸில் நடந்த கார் விபத்தில் பாடகர் ராபர்ட் பிளாண்டுக்குக் காலில் பலத்த காயம். 1976 முழுவதும் பயணம் இல்லை. 1977 ஏப்ரல் 1 அன்று டல்லஸில் தொடங்கியபோது ரசிகர்களின் எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது. ஆனால் இரவுக்கு இரவு தரம் ஏறி இறங்கியது. சில ஊர்களில் பேஜின் விரல்கள் தடுமாறுவதை நாடாக்கள் மறைப்பதில்லை. ஜூனில் ஃபோரத்துக்கு வந்தபோது ஆறு இரவுகள் ஏற்பாடாகியிருந்தன: 21, 22, 23, 25, 26, 27. லாஸ் ஏஞ்சலஸ் அவர்களுக்கு இரண்டாம் வீடு. முதல் இரவே அவர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு வாசிக்கிறார்கள். தொடக்கப் பாட்டில் டிரம்ஸ் சற்று முந்திப் போகிறது, கிட்டார் விடாமல் பின்தொடர்கிறது. அந்த வேகம் தணிய வெகு நேரம் பிடிக்கிறது.

‘டென் இயர்ஸ் கான்’ பாட்டுக்குக் குழுவின் பேஸ் கிட்டார், கீபோர்டு கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் மூன்று கழுத்துள்ள ஒரு விசித்திரக் கருவியை எடுத்துக்கொள்வார்: மாண்டலின், பன்னிரண்டு தந்தி, ஆறு தந்தி, மூன்றும் ஒரே உடலில். ஆல்பத்தில் சாண்டி டென்னி பாடிய ‘த பேட்டில் ஆஃப் எவர்மோர்’ வரிகளை இந்தப் பயணத்தில் ஜோன்ஸே பாடினார். அவர் பாடகர் அல்லர் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. டிரம்ஸ் தனி நீளம். ‘நோ குவார்ட்டர்’ இருபது நிமிடத்தைத் தாண்டி எங்கெங்கோ அலைகிறது. வயலின் வில்லைக் கொண்டு கிட்டாரை இழைக்கும் பேஜின் தனி, மேடையில் லேசர் ஒளியோடு பார்த்தவர்களுக்குப் பெரிய அனுபவமாக இருந்திருக்கும். வெறும் ஒலியாகக் கேட்கும்போது நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன்.

அடுத்த மாதம் ஓக்லாந்தில் ஜூலை 24 அன்று வாசித்ததே அமெரிக்காவில் அவர்களின் கடைசிக் கச்சேரியானது. இரண்டு நாள் கழித்துப் பிளாண்டின் சிறு மகன் கேரக் நோயால் இறந்தான். மீதிப் பயணம் ரத்தானது. 1980 செப்டம்பர் 25 அன்று பான்ஹமும் இறந்தார். ஆக, அந்த ஜூன் மாத ஆறு இரவுகளுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் இந்தக் குழுவைப் பார்க்கவில்லை.

மற்ற ஐந்து இரவுகள்?

ஜூன் 23 அன்று த ஹூ குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் மேடைக்கு வந்து பான்ஹமோடு சேர்ந்துகொண்டார். ‘ஃபார் பேட்ஜ்ஹோல்டர்ஸ் ஒன்லி’ என்ற பெயரில் அதுவும் பிரபலம், அதுவும் மில்லார்டின் பதிவுதான். வேடிக்கைக்கு 23, வாசிப்புக்கு 21.

இதே அரங்கில் 1970இல் எடுத்த பதிவு ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 1970 செப்டம்பர் 4 அன்று ஃபோரத்தில் நடந்த கச்சேரி. ‘லைவ் ஆன் புளூபெரி ஹில்’ என்ற இரட்டை இசைத்தட்டாக வந்தது. கடைசியில் ஃபேட்ஸ் டாமினோ புகழ்பெறச் செய்த பழைய பாட்டை அவர்கள் ஆசைக்கு வாசித்ததால் அந்தத் தலைப்பு. வரலாற்று முக்கியத்துவத்தில் இது 1977 நாடாவைவிட ஒரு படி மேல். காரணம், குழுவின் மூன்றாவது ஆல்பம் அக்டோபர் 5 அன்றுதான் கடைக்கு வந்தது. ‘இமிக்ரன்ட் சாங்’, ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ போன்றவற்றை அன்று ஃபோரத்தில் கேட்டவர்களுக்கு அவை முன்பின் தெரியாத பாட்டுகள். இன்று உலகமே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டுக்கு ஒரு கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருப்பதைக் கேட்க முடிகிறது. இதை எந்த அதிகாரப்பூர்வ ஆல்பமும் தராது. ‘அவுட் ஆன் த டைல்ஸ்’ பாட்டை மேடையில் அவர்கள் பாடியது மிக அரிது. அதுவும் இதில் இருக்கிறது.

ஒலித்தரத்தில் 1977 நாடாவோடு ஒப்பிட வேண்டாம். 1970இல் இந்தத் தொழில் தவழ்ந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டு நவம்பர் 9 அன்று ஓக்லாந்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்ததை ஒரு ரசிகர் தூரத்து ஒலியைக் குறிவைத்துப் பிடிக்கும் நீண்ட ஷாட்கன் மைக்கையும் ஊஹர் ஸ்பூல் கருவியையும் கொண்டு பிடித்து, ‘லைவர் தேன் யூல் எவர் பீ’ என்ற வெள்ளைத்தாள் உறைத் தட்டாக வெளியிட்டிருந்தார். பெரிய பத்திரிகைகள் அதை முறையான ஆல்பம் போலவே விமர்சித்தன.

குழுவினர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

லெட் செப்பலினின் மேலாளர் பீட்டர் கிராண்ட் முன்னாள் மல்யுத்த வீரர். ஆளும் மலைபோல இருப்பார். பதிவு செய்கிறவர்களைப் பிடித்தால் பேச்சுவார்த்தை இல்லை, கருவியை உடைப்பதுதான். வான்கூவரில் கூட்டத்துக்குள் மைக்கோடு நின்றவர்களின் கருவியை அப்படி நொறுக்கியபின், அது சத்த அளவைச் சோதிக்க வந்த அதிகாரிகளுடையது என்று தெரியவந்தது. இன்றும் டேப்பர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேஜோ பிற்காலத்தில் டோக்கியோக் கடைகளுக்குப் போய்த் தன் குழுவின் பூட்லெக் (அனுமதியில்லாமல் வெளியான) தட்டுகளைப் புரட்டிப் பார்ப்பவர் என்று பெயர் எடுத்தார்.

வேறு குழுக்கள் கேலியாகவே கையாண்டன. த ஹூ 1970இல் வெளியிட்ட ‘லைவ் அட் லீட்ஸ்’ உறை, ரப்பர் முத்திரை குத்திய சாதாரணப் பழுப்பு அட்டை. கள்ளத் தட்டுகளின் தோற்றத்தை வேண்டுமென்றே நகலெடுத்தது. ஏரோஸ்மித் 1978இல் தன் நேரடி ஆல்பத்துக்கு ‘லைவ்! பூட்லெக்’ என்றே பெயர் வைத்தது. பேர்ல் ஜாம் 2000ஆம் ஆண்டில் தன் ஐரோப்பியக் கச்சேரிகளை வரிசையாகத் தானே வெளியிட்டு, விற்பவர்களின் பிழைப்பில் கை வைத்தது. எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த புத்திசாலித்தனமான பதில் அதுதான்.

இதுவும் திருட்டு சிடியும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. கடையில் கிடைக்கும் ஆல்பத்தை நகலெடுத்து விற்பது திருட்டு நகல். அங்கே குழுவுக்கு வர வேண்டிய பணம் நேராகவே போகிறது. இங்கே இருப்பது யாரும் வெளியிடாத ஒரு நிகழ்ச்சி. இதைத் தேடுகிறவர் பெரும்பாலும் எல்லா ஆல்பங்களையும் காசு கொடுத்து வாங்கி முடித்தவர்.

ஆனால் சட்டம் இந்த வேறுபாட்டுக்காக யாரையும் மன்னிப்பதில்லை. பிரிட்டனில் நிகழ்த்துகிறவரின் அனுமதியில்லாத பதிவு 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கே கூட்டாட்சிக் காப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. மேடை நிகழ்ச்சியை அனுமதியில்லாமல் பதிவு செய்வதற்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 1994இல் வந்தது. இந்தியாவிலும் அதே 1994இல் வந்த சட்டத் திருத்தத்தில் நிகழ்த்துநர் உரிமை சேர்ந்தது. முதலில் 25 ஆண்டுக் காலம், 1999இல் 50 ஆண்டாக நீண்டது. சட்டங்களுக்கு இடையே இருந்த ஓட்டைகள் வழியாகத்தான் 1980களின் இறுதியில் இத்தாலியிலிருந்து பூட்லெக் சிடிக்கள் மூட்டை மூட்டையாக வந்தன.

இந்தக் கச்சேரி பல பதிப்புகளில் கிடைக்கிறது. எதைக் கேட்பது?

மூல நாடாவுக்கு எது நெருக்கமோ அது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சீறல் கூடும், உச்ச ஒலிகள் மங்கும், ஓடும் வேகம் சற்றுத் தள்ளாடும். ஐந்தாவது கை மாறிய நகலில் சிம்பல் ஒலி மணல் கொட்டுவதுபோல் ஆகிவிடும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று சீறலை வடிகட்டியவர்கள் அரங்கின் காற்றையும் சேர்த்து வடிகட்டிவிட்டார்கள். கொஞ்சம் சீறல் இருந்தால் பயப்பட வேண்டாம். சீறலே இல்லாத 1977 கேசட் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வேகத்தையும் சோதியுங்கள். கேசட் கருவிகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியதில்லை. மூன்று சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ அரை செமிடோன் ஏறிவிடும், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியில் பாதி. ராபர்ட் பிளாண்டின் குரல் இயல்புக்கு மீறி மெலிந்து கேட்டால் இதுதான் காரணம். கிட்டாரின் தடித்த தந்தி திறந்த நிலையில் 82.4 ஹெர்ட்ஸ், செல்பேசியில் இருக்கும் சுருதி பார்க்கும் செயலியே போதும்.

நாடாவின் சீறலைக் குறைக்கும் டால்பி முறை இன்னொரு பொறி. டால்பி பி போட்டுப் பதிந்த நாடாவை அது இல்லாமல் ஓட்டினால் ஒலி காதைக் கூசவைக்கும். இல்லாமல் பதிந்ததை டால்பியோடு ஓட்டினால் கம்பளி போர்த்தியதுபோல் மூடிக்கொள்ளும். பழைய சிடிக்கள் சிலவற்றில் இந்தத் தவறு அப்படியே உறைந்து கிடக்கிறது.

கடைசியாகக் கோப்பு வடிவம். ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக இருக்கட்டும். எம்பி3யை எடுத்து ஃப்ளாக்காக மாற்றிப் பரப்புகிறவர்களும் உண்டு. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைவரிசைப் படத்தில் பதினாறாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரித்ததுபோல் நேர்க்கோடு தெரிந்தால் அது அப்படிப்பட்ட போலி என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

மில்லார்டின் மூல கேசட்டுகள் அழிந்துவிட்டன என்கிறார்களே?

வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். இறப்பதற்கு முன் அவரே அழித்துவிட்டார் என்ற பேச்சு இருந்தது. 2010களின் இறுதியிலிருந்து நிலைமை மாறியது. அவரோடு கச்சேரிகளுக்குப் போன நண்பரிடம் இருந்த நேர் நகல்களும், பிறகு பாதுகாக்கப்பட்டிருந்த மூல கேசட்டுகளும் ஒவ்வொன்றாக டிஜிட்டலாக மாற்றப்பட்டு, காசு வாங்காமல் ரசிகர்களிடையே பகிரப்பட்டன. ஆகவே முப்பது வருடம் பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஜப்பானியச் சிடிப் பெட்டிகளைவிட இலவசமாக வந்த பிரதி பல இடங்களில் மேலாக இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவது தொந்தரவாக இல்லையா?

இந்தப் பதிவில் அதிகம் இல்லை, பழகிவிடும். மோசமான நாடாக்களில் ஒருவர் கச்சேரி முழுவதும் தான் கேட்க விரும்பும் பாட்டின் பெயரைக் கத்திக்கொண்டே இருப்பார். அவர் கத்தியது ஐம்பது ஆண்டு நிற்கும் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாரா, இன்னும் உரக்கக் கத்தியிருப்பாரா என்று யோசிப்பேன்.

மேட்ரிக்ஸ் என்பது?

சவுண்ட்போர்டையும் பார்வையாளர் பதிவையும் சேர்த்துக் கலப்பது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு அது சுமார் 58 மில்லிநொடி தாமதமாகச் சேரும். அதை ஈடுகட்டாமல் கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். இரண்டு நாடாவின் வேகமும் வெவ்வேறாக இருப்பதால் மூன்று மணி நேரமும் ஒட்டவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நன்றாகச் செய்தவை மிகச் சில.

மூன்று மணி நேரம் கேட்க நேரமில்லை. எங்கே தொடங்கலாம்?

முதல் பாட்டிலிருந்து ‘சிக் அகெய்ன்’ முடியும் வரை. பிறகு ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’. இறுதிப் பகுதியில் ‘அகிலிஸ் லாஸ்ட் ஸ்டேண்ட்’. ஹெட்ஃபோனில் கேட்பதைவிட, சற்றுப் பெரிய ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

இது அதிகாரப்பூர்வமாக வெளிவருமா?

லெட் செப்பலின் இதுவரை 1977ஆம் ஆண்டின் எந்த முழுக் கச்சேரியையும் ஆல்பமாக வெளியிட்டதில்லை. 2003இல் வந்த ‘ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்’ 1972 ஜூனில் இதே ஃபோரத்திலும் லாங் பீச்சிலும் பல தடங்களில் எடுத்தது. ஆனால் மில்லார்டின் இன்னொரு நாடாவுக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் பிங்க் ஃப்ளாய்டு வாசித்ததை அவர் பிடித்திருந்தார். அந்த வரிசைக் கச்சேரிகளில் போலீஸ் கெடுபிடி கடுமை. போதைப்பொருள் வழக்குகளில் ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். அவ்வளவு சோதனைக்கு நடுவிலும் இவரது கருவி உள்ளே போய்விட்டது. 2025 டிசம்பரில் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பதிவு, ஸ்டீவன் வில்சன் சீர்செய்து கொடுக்க, மில்லார்டின் பெயரோடு இடம்பெற்றது.

இணையத்தில் ஒருவர் இதை விலைக்கு விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். பதிவு செய்தவருக்கும் போகாது, வாசித்தவர்களுக்கும் போகாது. பெட்டியின் படங்கள் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.